நாந்தெலின் பாதையின் இருபது காலைகள்

மழை பெய்யாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய நாந்தெலின் என்ற வெல்ஷ் பள்ளத்தாக்கில், பிப்ரவரி மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை காலையில், இறந்துபோனவர்களின் காலடித் தடங்கள் மலைப்பாதையில் புதிதாக விழுந்து கிடந்தன. அதை முதலில் பார்த்த எம்ரிஸ், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் அப்பாவின் ஆணி அடித்த பூட்ஸ் தடத்தின்மேல் கால் பட்டுவிடாமல் ஓரமாகவே இறங்கி வந்து, காப்புச் சங்கத்துச் செயலாளரின் வீட்டுக் கதவைத் தட்டி, விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் ஒரு டீ கேட்டார்.

செயலாளர் என்றால் எமீமாள்தான். பாளையங்கோட்டையில் பிறந்து, நர்ஸ் படிப்பு படித்து, டாக்டர் இஸ்ரவேலைக் கட்டிக்கொண்டு, முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பள்ளத்தாக்கில் வந்து இறங்கியவள். ஊர் பேசிய இங்கிலீஷும் வெல்ஷும் கலந்த பேச்சை முதல் குளிர்காலம் முழுக்க ஒன்றும் விளங்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, இரண்டாம் குளிர்காலத்தில் ஒருநாள் ரொட்டிக்கடைக்காரி பேசியது அச்சு அசலாகத் தெற்கு பஜார் பேச்சாகவே காதில் விழ, அன்றிலிருந்து நாந்தெலின்காரர்கள் வாயைத் திறந்தால் அவளுக்குப் பாளையங்கோட்டைதான் கேட்டது. இந்தக் கதையிலும் அவள் காதில் விழுந்தபடியேதான் அவர்கள் பேசுவார்கள். குறை இருந்தால் அவள் காதைத்தான் சொல்லவேண்டும்.

“எங்கய்யா நடந்திருக்காவ, டாக்டரம்மா,” என்றார் எம்ரிஸ், டீயை ஊதிக்கொண்டே.

“எங்க?”

“மலைப்பாதையிலதான். செத்து பன்னெண்டு வருசம் ஆச்சு. தடம் என்னமோ இப்பத்தான் வச்ச மாதிரி கெடக்கு.”

“நல்லாப் பாத்தியளா? ஆடு தேடி வந்தவங்க யாராவது இருக்கப்போறாங்க.”

“எங்கய்யா எடது பூட்ஸ்ல மூணு ஆணி கெடயாது. அடிச்சுத் தாரேன், அடிச்சுத் தாரேன்னு அவிய சாவுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தேன். அடிக்கவே இல்ல. அந்த மூணு எடமும் மொட்டையா கெடக்கு.”

அதற்குமேல் சந்தேகப்பட ஒன்றும் இருக்கவில்லை. கல்சுவர் கட்டியே காய்த்துப்போன கைகளால் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, எம்ரிஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். “டாக்டர் தடமும் கெடக்கு.”

அந்தத் தடம் யாருக்கும் தெரியாமல் போகாது. இஸ்ரவேலுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் குட்டை. இரண்டு விரற்கடை தடித்த அடிப்பாகம் வைத்த பூட்ஸைத்தான் போடுவார். அந்தக் காலை வைக்கும் இடமெல்லாம் சேற்றில் ஒரு சின்னப் பெட்டியை அழுத்தி எடுத்ததுபோல் இருக்கும். அவர் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. எமீமாள் எழுந்து போய், அடுப்பில் ஒன்றுமே இல்லாதபோதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

இங்கே சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நாந்தெலின் வயல்வெளி, பாதை, பழம்பொருள் காப்புச் சங்கத்தில் ஒன்பது பேர். அதில் சின்ன வயதுக்காரருக்கு அறுபத்திரண்டு. அவர்கள் காப்பாற்றாத பொருள் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. சிற்றாலயத்துக் கூரையில் தொங்கிய வௌவால்களைக் காப்பாற்றினார்கள், லாரி இடித்த மைல்கல்லைக் காப்பாற்றினார்கள், மலை உச்சியில் மின்கோபுரம் வராமல் காப்பாற்றினார்கள். ஒருமுறை ஒரு கிழட்டு ஓக் மரத்தைச் சுற்றி வேலி போட்டுக் காப்பாற்ற, மரம் ஒரு புயலில் விழுந்துபோக, அதற்குப் பிறகு ஏழு வருஷம் அந்த வேலியைக் காப்பாற்றினார்கள். தலைவர் குவென் டீச்சர், ஓய்வுபெற்ற பள்ளிக்கூடத்து டீச்சர். சனிக்கிழமைதோறும், மழையோ பனியோ, ஏதாவது ஒரு பழைய பாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் எல்லோருமாக நடந்துவிட்டு வருவது சங்கத்தின் வழக்கம்; நடக்க ஆளில்லாத பாதை என்று எவனும் வாயெடுக்கக்கூடாது என்பதற்காக. இஸ்ரவேல் இருந்தவரை அவர்தான் செயலாளர். அவருக்குப் பிறகு கோப்புகள் எமீமாளின் அலமாரியிலேயே இருந்தபடியால் பதவியும் அவளிடமே இருந்துவிட்டது. தீர்மானங்களை அவள் எழுதுவாள், கடிதங்களை அவள் போடுவாள், நடக்கப் போகிறவர்களுக்குப் பிளாஸ்கில் டீ ஊற்றிக் கொடுப்பாள். ஆனால் அந்தப் பாதைகளில் ஒன்றிலாவது அவள் கால் வைத்தது கிடையாது.

அதற்குப் பெரிய காரணமெல்லாம் இல்லை. வந்த புதிதில் குளிர் ஆகவில்லை, பிறகு இராப்பணி, பிறகு முழங்கால், பிறகு வேண்டாம் என்று சொல்வதே பழக்கமாகிவிட்டது. இஸ்ரவேல் தினமும் காலையில் மலைப்பாதை ஏறி, உச்சிக் கல்சுவரைத் தாண்ட வைத்திருக்கும் கற்படியில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி, மலைக்குப் பின்னால் இருந்த கிழடுகட்டைகளைப் பார்த்துவிட்டு வருவார்; வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் போனார். கிளம்பும்போது கதவில் கை வைத்துக்கொண்டு, “வாறியாட்டி?” என்பார். “எனக்கு வேலை கிடக்கு, நீங்க போயிட்டு வாங்க” என்பாள் அவள். இருபத்தாறு வருஷம் இதே கேள்வி, இதே பதில். கடைசி நாளும் இதேதான். அன்றைக்குக் கற்படியில் அவர் உட்கார்ந்தபடியே இறந்துகிடந்ததைத் தபால்காரர் பார்த்து, மலைக்குப் பின்னால் உள்ள சாலை வழியாகவே ஆம்புலன்ஸில் ஏற்றி, அவளுக்கு ஆள் வந்து சொல்லும்போது எல்லாம் முடிந்திருந்தது. அவர் இருந்த இடத்தை அவள் பார்க்கவே இல்லை.

அவளை நாலு வருஷமாக அரித்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். வலி வந்ததும் வீட்டுக்குத் திரும்பப் பார்த்தாரா? அவளைக் கூப்பிட்டாரா? தான் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்ததால்தான் கேட்காமல் போனதா?

போன அக்டோபரில் அந்த மலைச்சரிவை ஹார்ட்லி என்ற பட்டணத்துக்காரர் வாங்கிப் பாதையின் அடிவாரத்து வாயிலில் சங்கிலி போட்டார். கெட்ட மனுஷன் இல்லை. அமைதி வேண்டும் என்று வந்தவர், தன் நிலத்தில் யாரும் நடக்கவேண்டாம் என்று நினைத்தார், அவ்வளவுதான். இருபது வருஷம் ஊர் ஜனங்கள் யார் அனுமதியும் கேட்காமல் நடந்த பாதை என்றால் அது பொதுப்பாதை என்று சட்டம் சொல்லியது. ஆனால் நடந்தவர்கள் கையெழுத்துப் போட்ட சாட்சிப் படிவம் வேண்டும். படிவங்களை எடுத்துக்கொண்டு சங்கம் வீடு வீடாக ஏறி இறங்கியபோதுதான், அந்தப் பாதையில் நடந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சிற்றாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் படுத்திருப்பது தெரியவந்தது. ஏழே படிவங்கள் தேறின. விசாரணை அதிகாரி மார்ச் இருபதாம் தேதி வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். அந்த நிலைமையில்தான் பாதை தானாகவே சாட்சி சொல்லப் புறப்பட்டது.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். முதல் நாள் தொப்பிகளைக் கழற்றினார்கள். இரண்டாம் நாள் மாட்டிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் குவென் டீச்சர் சங்கிலியைத் தாண்டிக் குதிப்பதற்கு வசதியாக ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து போட்டார். கறிக்கடைக்காரர் விடிந்ததும் வந்து, செத்துப்போன தன் பெண்டாட்டியின் ஒடுங்கின ஷூ தடத்துக்குப் பக்கத்திலேயே உச்சி வரைக்கும் நடந்துவிட்டு இறங்கி, ஒன்பது மணிக்கு நேரத்தில் கடையைத் திறந்தார். ரொட்டிக்கடைக்காரி தன் தம்பியின் தடத்தைப் பார்த்ததும், இத்தனை வேகமாவா நடந்தான், கூட நடக்கவங்களை நெனச்சே பாக்கமாட்டான் என்று செத்தவனை நின்று திட்டித் தீர்த்துவிட்டு அழுதாள். சிற்றாலயத்துப் பாதிரியார் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமே செய்யாமல் பாட்டு எண்களை மட்டும் சொல்லி முடித்துக்கொண்டார், அதற்கு யாரும் குறைப்படவும் இல்லை. போட்டோ எடுத்தால் வெறும் சேறுதான் விழுந்தது. சாந்து ஊற்றி அச்சு எடுத்தால் மண்ணாங்கட்டிதான் வந்தது. ஆகவே குவென் டீச்சர் படிவத்தின் அடியில் தன் கையாலேயே ஒரு கட்டம் போட்டு, இன்னார் நடந்த தடத்தைக் கண்ணால் பார்த்தேன் என்று, அடையாளம் தெரிந்தவர்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கினார்.

பகலெல்லாம் ஊர் நடந்து மிதித்து, சாயங்காலத்துக்குள் பழைய தடமெல்லாம் கலைந்துவிடும். மறுநாள் காலையில் வேறொரு நாளின் தடங்கள் விழுந்திருக்கும். மூன்றாம் காலையில் பனிச்சறுக்குப் பலகைகள் இழுத்த கோடுகள் கிடந்தன. அது பெரும்பனி விழுந்த வருஷம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஐந்தாம் காலையில் ஆறு பேர் ஒரே சீராகக் கால் வைத்துப் போன தடம், நடுவில் பாரம் சுமந்த ஆழத்தோடு. அது மலைக்குப் பின்னாலிருந்து பழைய பாதிரியாரின் சவப்பெட்டியைத் தூக்கிவந்த வருஷம். எம்ரிஸ் கணக்குப் போட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டார், ஒரு காலைக்கு ஒரு வருஷம், ஆக மொத்தம் இருபது காலை. எந்த வருஷத்தில் எந்த நாள் என்பதைப் பாதையே எடுத்துக்கொண்டது.

எமீமாள் தினமும் அடிவாரத்து வாயில் வரைக்கும் வந்தாள். மரப்பெட்டியில் ஏறாமல், சங்கிலிக்கு வெளியே நின்று குனிந்து, முதல் பத்தடி தூரத்தில் அவருடைய இடது கால் பெட்டி பெட்டியாகப் பதிந்திருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். எம்ரிஸின் கணக்கு காதில் விழுந்த அன்றைக்கு அவளும் வீட்டுக் காலண்டரில் எண்ணினாள். அவர் போன வருஷம் பதினாறாம் காலையில் வரும். பாதைக்கு மனசாட்சி என்று ஒன்று இருந்தால் அந்த வருஷத்தில் அந்த நாளைத்தான் எடுக்கும். தடம் திரும்பியிருக்கிறதா, வீட்டைப் பார்த்து நாலடியாவது வைத்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அதைப் பார்த்துவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது; பார்க்காமல் செத்துப்போகக்கூடாது என்றும் இருந்தது.

பதினோராம் காலையில்தான் கோளாறு வந்தது. விஷயம் பரவிப் பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் எவனோ ஒரு தடியன், சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே, இஸ்ரவேலின் இடது காலின்மேல் தன் பூட்ஸை வைத்து அழுத்தித் திருகிவிட்டுப் போனான். அதை எமீமாள் சங்கிலிக்கு வெளியே நின்று பார்த்தாள். அன்று பத்து மணிக்கே அவசரக் கூட்டம் கூட்டி, பழ ரொட்டியும் டீயும் வைத்து, செயலாளர் பதவிக்கு வந்த நாலு வருஷத்தில் முதன்முறையாகத் தானே ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். தடங்களைப் பாதுகாக்கும் பொருட்டுப் பாதையின் இருபுறமும் கயிறு கட்டுவது, மிதிக்காதீர்கள் என்று பலகை வைப்பது, விசாரணை முடியும்வரை பாதையில் யாரும் நடப்பதில்லை.

“அருமையான ரோசனை,” என்றார் குவென் டீச்சர். “இத மொத நாளே செஞ்சிருக்கணும்.”

ஒன்பது கைகளும் ஒரே நேரத்தில் உயர்ந்தன. அதில் அதிசயம் இல்லை. எதைக் கண்டாலும் அதைச் சுற்றி வேலி போட்டுக் காப்பாற்றிப் பழகியவர்கள் அவர்கள். மத்தியானத்துக்குள் நல்ல நீலக் கயிறு கட்டி, எட்டு இடத்தில் பலகை நட்டு, மழைக்குத் தார்ப்பாய் இழுத்து, எல்லோரும் தூரத்தில் நின்று திருப்தியாகப் பார்த்தார்கள்.

மறுநாள் காலையில் புதுத் தடம் இல்லை. பதினோராம் நாளின் தடமே கிடந்தது. அதற்கு மறுநாளும் அதேதான். பாதை களைத்திருக்கிறது, இரண்டு நாள் விட்டுப் பிடிப்போம் என்றார்கள். மூன்றாம் நாள் தடங்களின் ஓரத்தில் பச்சை பிடித்தது. ஐந்தாம் நாள் குழிக்குள் புல் முளைத்தது. பிப்ரவரி மாதத்துக் குளிரில் புல் அப்படி முளைத்து யாரும் பார்த்ததில்லை. காலையில் விரற்கடை, சாயங்காலம் சாண். தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு பாசி வந்தது, முட்செடி வந்தது, மறுவாரம் கறிக்கடைக்காரர் பெண்டாட்டியின் தடம் எது, டாக்டர் தடம் எது என்று கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று. சங்கம் புல்லைப் பார்த்து இன்னொரு பலகை நட்டது.

கயிறு கட்டிய பன்னிரண்டாம் நாள் ஹார்ட்லி வந்தார். அதுவரை சங்கத்தாரோடு நேருக்கு நேர் பேசாத மனுஷன், கையில் ஒரு பெட்டி பிஸ்கட்டோடு எமீமாள் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே குவென் டீச்சரும் எம்ரிஸும் இருந்தார்கள்.

“உங்க எல்லாருக்கும் நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்,” என்றார். முகத்தில் கேலி இல்லை, உள்ளபடியே நன்றிதான் இருந்தது. “நான் போட்டது ஒரு சங்கிலி. நீங்க கீழேருந்து மேல வரைக்கும் கயிறே கட்டிட்டீங்க. நானும் இதத்தான கேட்டேன், யாரும் நடக்கவேண்டாம்னு. நீங்க இவ்வளவு நல்லா செய்வீங்கன்னு நான் நெனக்கல.”

அவர் போன பிறகு மூன்று பேரும் பிஸ்கட் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சனிக்கிழமைதோறும் நடக்கிற சங்கம், இரண்டு சனிக்கிழமையாக ஒரு பாதையிலும் நடக்கவில்லை என்பது குவென் டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. எம்ரிஸ் மெல்ல, “ஜனங்க மிதிச்சதுனாலதான் மறுநாள் வேற தடம் வந்திருக்கு. நாமதான் நிறுத்திப்புட்டோம்,” என்றார்.

“நாம இல்ல,” என்றாள் எமீமாள். “நான். எங்க வீட்டுக்காரர் தடம் அழிஞ்சிரக்கூடாதுன்னு நான்தான் செஞ்சேன். சங்கத்துக்காக ஒண்ணும் செய்யலை.”

சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பழத்தோல் சீவுகிற கத்தியை எடுத்தாள். குவென் டீச்சரிடம் ரப்பர் பூட்ஸ் இருக்கிறதா என்று கேட்டாள். டீச்சருடைய பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருந்தது. இரண்டு ஜோடிக் காலுறை போட்டு இறுக்கினாள். அடிவாரத்துக்குப் போய்க் கயிற்றை அறுத்தாள், பலகையைப் பிடுங்கிப் போட்டாள், அறுபத்தெட்டு வயதில் மரப்பெட்டிமேல் ஏறிச் சங்கிலியைத் தாண்டி, வாழ்க்கையில் முதல் தடவையாக மலைப்பாதையில் கால் வைத்தாள். வைத்த இடம் புல் மூடிய அவருடைய இடது தடமாகவே இருந்திருக்கும். ஓரமாகப் போக வழியில்லை. மிதிக்க மிதிக்கப் புல் படிந்தது. அவளுக்குப் பின்னால் எம்ரிஸ், எம்ரிஸுக்குப் பின்னால் டீச்சர், அவர்களைப் பார்த்துவிட்டுக் கறிக்கடைக்காரர், ரொட்டிக்கடைக்காரி, பாதிரியார், பிறகு ஊரே ஏறியது.

உச்சியில் கல்சுவரும் கற்படியும் இருந்தன. முழங்கால் வலியில் எமீமாள் கற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அந்த உயரத்தில் புல் இன்னும் சரியாக மூடாத மண்ணில், இஸ்ரவேலின் தடம் திரும்பி நிற்பதைப் பார்த்தாள். பதினோராம் வருஷத்து ஏதோ ஒரு சாதாரண நாளின் தடம். இரண்டு காலும் பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றன. வலது காலின் பின்னால் குதிங்கால் மட்டும் இடித்து இடித்துச் சின்னதாக ஒரு குழி.

அந்தக் குழி என்னவென்று உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். காத்திருக்கும்போது இஸ்ரவேல் வலது குதிங்காலால் தாளம் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அவள் புடவை கட்டி முடிக்கும்வரை வாசலில் நின்று தாளம் போட்டுப் போட்டே கம்பளத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

எமீமாள் அந்தத் தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி நின்று பார்த்தாள். அங்கிருந்து பள்ளத்தாக்கில் வேறொன்றும் நேராகத் தெரியவில்லை. அவளுடைய சமையலறை ஜன்னல் தெரிந்தது.

“இங்கன வந்து தெனமும் நிப்பாரு,” என்றார் எம்ரிஸ், மூச்சு வாங்கிக்கொண்டே. “மூச்சு எடுக்கத்தான் நிக்காருன்னு நெனச்சோம். கொஞ்ச நேரம் பாப்பாரு, பொறவு தாண்டிப் போயிருவாரு.”

“ஏன் எங்கிட்ட சொல்லலை?”

“ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சோம், டாக்டரம்மா.”

மறுநாள் பன்னிரண்டாம் வருஷம் வந்தது. பாதை ஒன்றும் மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. எமீமாள் தினமும் ஏறினாள், உச்சியில் குதிங்கால் குழியைப் பார்த்தாள், அதன்மேல் நின்றாள், இறங்கினாள். பதினாறாம் காலையில் சாப்பிடாமலே கிளம்பினாள். அவளுக்கு முன்னாலேயே ஊர் அடிவாரத்தில் வந்து நின்றுகொண்டிருந்தது. யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. அந்த நாள் பாதையில் ஒரே ஒரு ஆளின் தடம்தான் கிடந்தது. சங்கிலிக்கு அந்தப் பக்கம், பெட்டி பெட்டியாக, ஒரே அளவு இடைவெளியில், மேலே ஏறிப்போயிற்று.

அவள் அதன் ஓரமாகவே, செடிகளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். தடுமாறின அடையாளம் எங்கும் இல்லை. உச்சியில் தடம் திரும்பி நின்றது. திரும்பி வீட்டைப் பார்த்து ஒரு அடிகூட வைக்கவில்லை. கற்படியின் ஓரத்தில் உட்கார்ந்த இடம் அழுந்தியிருந்தது. அதற்கு முன்னால் வலது குதிங்காலின் குழி, வேறு எந்த வருஷத்திலும் இல்லாத ஆழத்தில், நாலு விரல் உள்ளே போகும் அளவுக்கு இருந்தது. அன்றைக்கு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறார். வலியும் இல்லை, கூப்பிடவும் இல்லை. அவள் வருகிறாளா என்று ஜன்னலைப் பார்த்துத் தாளம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

கூப்பிட்டுக் கேட்காமல் போயிருந்தால்கூடத் தேவலை என்று எமீமாளுக்கு இருந்தது. அதற்குக் குழாயைக் குற்றம் சொல்லலாம். அவள் கற்படிக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்து, நாலு வருஷமாக அழுதது போதாமல் அழுதாள்.

எம்ரிஸ் கொஞ்சம் தள்ளியே வந்து நின்றார். ஊர் இன்னும் அடிவாரத்தில்தான் நின்றது.

“டாக்டரம்மா, நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம். வேண்டாம்னா வேண்டாம். இது இப்படியே கெடக்கட்டும். யாரும் மிதிக்கமாட்டோம்.”

“மிதிக்கலைன்னா புல்லு மூடிரும்.”

“மூடட்டும்.”

“இருபதாம் தேதி ஆபீசர் வந்து புல்லப் பாத்துட்டுப் போவாரு. அப்புறம் பாதை கெடயாது.”

“ஆமா,” என்றார் எம்ரிஸ். “அதையும் பேசிக்கிட்டோம். பரவாயில்லன்னுட்டாங்க.”

ஊர் அவளுக்காக அப்பனும் பெண்டாட்டியும் தம்பியும் நடந்த பாதையை விட்டுக்கொடுக்கத் தயாராக நின்றது. எமீமாள் புடவை முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குதிங்கால் குழிக்குள் கையை வைத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, எடுத்தாள். பிறகு டீச்சரின் பெரிய பூட்ஸ் காலை அதன்மேலேயே வைத்து அழுத்தினாள். அவர் வைத்த அடிகளின்மேல் ஒவ்வொன்றாக, ஒன்றையும் விடாமல், மிதித்துக்கொண்டே அடிவாரம் வரைக்கும் இறங்கிவந்து, “ஏறுங்க, நேரமாவுது” என்றாள்.

பதினேழிலிருந்து இருபது வரை வந்த காலைகளில் இடது கால் பெட்டித் தடம் இல்லை. இருபத்தோராம் காலையில் முந்தின நாள் நடந்தவர்களின் சேறு மட்டும் இருந்தது.

மார்ச் இருபதாம் தேதி வந்த அதிகாரி சளிபிடித்த மனுஷர். படிவங்களைப் புரட்டி, டீச்சர் போட்ட கட்டத்தைப் படித்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, “இவங்க எல்லாம் நடந்தது சாவுறதுக்கு முன்னாலதான?” என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். அப்படியானால் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டார். ஹார்ட்லி மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அந்தக் காலைகளில் இரண்டு முறை வாயிலில் நின்று பார்த்திருந்தார். ஜூன் மாதம் பாதை திறந்தது. சங்கிலி போன இடத்தில் சங்கம் ஒரு நல்ல மரக்கதவு வைத்து, அதற்குப் பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு மாதம் விவாதித்தது.

படிவங்களில் எமீமாளுடையதும் ஒன்று இருந்தது. எத்தனை வருஷமாக இந்தப் பாதையில் நடக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, பதினைந்து நாள் என்று எழுதியிருந்தாள். அடுத்த கேள்வியில்தான் டீச்சரோடு தகராறு. இந்தப் பாதையில் நடக்க உங்களை யாராவது எப்போதாவது அழைத்ததோ அனுமதித்ததோ உண்டா?

“இல்லன்னு போடுங்க,” என்றார் டீச்சர். “நெலத்துக்காரர் அனுமதி குடுத்தாரான்னு கேக்காங்க. உண்டுன்னு போட்டா ஒங்க சாட்சி செல்லாது.”

“செல்லாட்டாப் போகுது. என் படிவம் இல்லாமலே போதும்ல்லா?”

“போதும். ஆனா...”

எமீமாள் பேனாவை மூடவில்லை. கட்டத்துக்குள் இடம் போதாமல், ஓரத்தில் வளைத்து எழுதினாள். “உண்டு. தினமும் அழைத்தார். இருபத்தாறு வருஷம்.”